தபாங்கோ கவுன்ட்டரில்: ஷெர்ரிக்கு எந்தத் தட்டு, தட்டுக்கு எந்த ஷெர்ரி

ஷெர்ரி என்றால் கிறிஸ்துமஸ் கேக்கில் ஊற்றுகிற இனிப்பு மது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அந்த எண்ணம் இங்கிலாந்து வழியாக வந்தது. பிரிட்டிஷ் சந்தைக்காக இனிப்புச் சேர்த்துக் கலந்த கிரீம் ஷெர்ரியே உலகம் முழுக்கப் பரவியது. அந்த மது பிறக்கும் தென் ஸ்பெயினில், காதிஸ் மாகாணத்தில், மக்கள் தினமும் குடிப்பது வேறு. துளி இனிப்பில்லாமல், வைக்கோல் நிறத்தில், சில்லென்று வரும் ஃபினோவும் மன்சனியாவும்தான் அங்கே அன்றாடம். அதைப் பெரும்பாலும் வெறும் கோப்பையாக யாரும் குடிப்பதில்லை. நாலு ஆலிவாவது பக்கத்தில் இருக்கும். உப்பும் எண்ணெயும் உள்ள ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஒரு மடக்குக் குடித்தால்தான் இந்த மது ஏன் இப்படி இருக்கிறது என்று புரியும். தனியாகக் குடித்துவிட்டு "கசக்கிறது, மருந்து மாதிரி இருக்கிறது" என்று தள்ளி வைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குக் கிடைத்தது பாதிதான். மீதிப் பாதி தட்டில் இருக்கிறது.

ஆகவே ஷெர்ரிக் கடைக்குள் நுழைகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் ஒன்றே. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். ஒரு கோப்பை, அதற்கு ஒரு தட்டு. அது முடிந்ததும் அடுத்த கோப்பை, அடுத்த தட்டு. வெளிறியதிலிருந்து கருத்ததை நோக்கி, மெலிந்ததிலிருந்து கனத்ததை நோக்கிப் போக வேண்டும். இந்த வரிசை தப்பினால் நல்ல கடையிலும் சாப்பாடு சுமாராகத்தான் இருக்கும்.

ஏட்டுக்குக் கீழே வளரும் மது

ஹெரெஸ் தெ லா ஃப்ரொந்தேரா, சான்லூகர் தெ பர்ரமேதா, எல் புவெர்தோ தெ சாந்தா மரியா: ஷெர்ரியின் மூன்று ஊர்கள் இவை. இங்குள்ள நல்ல திராட்சைத் தோட்டங்களின் மண் அல்பரிசா எனப்படும் வெள்ளைச் சுண்ணாம்பு மண். குளிர்காலத்து மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையே இல்லாத கோடை முழுக்கக் கொடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். பயிராவது பெரும்பாலும் பாலோமினோ என்ற வெள்ளைத் திராட்சை. அந்தத் திராட்சையின் புது ஒயினில் பெரிதாகச் சொல்ல எதுவும் இருக்காது. ருசி எல்லாம் பின்னால், பீப்பாயில் வருவது.

புது ஒயினில் திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவை ஏற்றுகிறார்கள். ஆல்கஹாலை 15 சதவீதத்தில் நிறுத்தினால் ஒரு வழி, 17-க்கு மேல் ஏற்றினால் இன்னொரு வழி. 15-ல் நிற்கும் ஒயினின் மேல் ஈஸ்ட் ஏடு ஒன்று படரும். அதற்கு ஃப்ளோர் என்று பெயர். 600 லிட்டர் பீப்பாயை 500 லிட்டர் வரைதான் நிரப்புவார்கள். ஏடு படரப் பரப்பும் காற்றும் வேண்டும் அல்லவா? அந்த ஏடு காற்றை மேலேயே தடுத்துவிடுவதால் ஒயின் நிறம் மாறாமல் வெளிறியே இருக்கும். அதுதான் ஃபினோ. 17-க்கு மேல் ஏற்றிய ஒயினில் ஏடு பிழைக்காது. காற்று நேராகப் பட்டு ஒயின் ஆண்டுக்கணக்கில் பழுப்பேறும். அதுதான் ஒலொரோசோ.

தட்டுக்கு முன்னால் நிற்கிறவருக்கு இந்த வேதியியல் எதற்கு? காரணம் இருக்கிறது. ஏட்டிலுள்ள ஈஸ்ட் ஒயினின் கிளிசராலைத் தின்றுவிடுகிறது. வாயில் வழவழப்பையும் லேசான இனிப்புணர்வையும் தருவது கிளிசரால். அது போய்விடுவதால் ஃபினோ துளி இனிப்பின்றி உலர்ந்து நிற்கிறது. ஈஸ்ட் வெளியிடும் அசிட்டால்டிஹைடு பச்சை ஆப்பிள், பாதாம், புளித்த ரொட்டி மாவு வாசனைகளைத் தருகிறது. புளிப்பும் இந்த மதுவில் குறைவு. துவர்ப்பு இல்லவே இல்லை. மற்ற ஒயின்களைத் தோற்கடிக்கிற வினிகர், ஆர்ட்டிசோக் என்னும் பூமொட்டுக் காய், தண்ணீர்விட்டான் தண்டு, ஆலிவ், நெத்தலி எல்லாவற்றோடும் ஃபினோ ஒத்துப்போவது இதனால்தான். வினிகரில் ஊறிய மீனை வேறு வெள்ளை ஒயினோடு சாப்பிட்டால் ஒயின் தண்ணீராகிவிடும். ஃபினோ அசையாது.

பீப்பாய்களை அடுக்கி வைத்திருக்கும் முறைக்குச் சொலேரா என்று பெயர். தரையோடு இருக்கும் வரிசையில் மிகப் பழைய ஒயின். அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் புட்டியில் அடைப்பார்கள். எடுத்த அளவுக்கு மேல் வரிசையிலிருந்து இறக்குவார்கள். அந்த வரிசைக்கு அதற்கும் மேலே இருப்பதிலிருந்து. எந்தப் பீப்பாயும் முழுதாகக் காலியாகாது. அதனால்தான் பெரும்பாலான ஷெர்ரிப் புட்டிகளில் அறுவடை ஆண்டு இருப்பதில்லை. மிகப் பழையவற்றில் மட்டும் 20 ஆண்டுச் சராசரி வயதுக்கு வி.ஓ.எஸ்., 30-க்கு வி.ஓ.ஆர்.எஸ். என்ற முத்திரையை ஷெர்ரிக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்துத் தருகிறது.

மன்சனியாவும் ஃபினோவைப் போலவே செய்வதுதான். ஆனால் சான்லூகரில் வைத்து முதிர்ந்தது மட்டுமே அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். குவாதல்கிவிர் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். மேற்கிலிருந்து ஈரக்காற்று வீசிக்கொண்டே இருப்பதால் ஏடு ஆண்டு முழுக்கத் தடிமனாக நிற்கும். உள்ளே தள்ளி இருக்கும் ஹெரெஸில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தழைத்து, கடுங்கோடையிலும் குளிரிலும் மெலியும். கோப்பையில் அந்த வித்தியாசம் தெரியும். மன்சனியா இன்னும் மெல்லியது, கடலுப்பு வாசனை உள்ளது. ஃபினோ கொஞ்சம் அகலமானது. ஏட்டுக்குக் கீழே சில ஆண்டுகள் இருந்து, பிறகு ஏடு மடிந்து காற்றில் முதிர்ந்தது அமொந்தியாதோ. ஹேசல் கொட்டை வாசனை, கூர்மையான முடிவு. அமொந்தியாதோவின் வாசனையும் ஒலொரோசோவின் கனமும் கொண்டது பாலோ கொர்தாதோ. இவை எல்லாமே இனிப்பில்லாதவை. இனிப்பு வேண்டுமென்றால் பெத்ரோ ஹிமெனெஸ் இருக்கிறது. திராட்சையை வெயிலில் காயவைத்து உலர்திராட்சையாக்கிப் பிழிவது; லிட்டருக்கு 212 கிராம் சர்க்கரை என்பது அதன் குறைந்தபட்ச அளவு.

கடைக்குள் நுழைந்ததும் பார்க்க வேண்டியவை

தபாங்கோ என்பது ஹெரெஸின் பழைய ஒயின் கடை. கவுன்ட்டருக்குப் பின்னால் பீப்பாய்கள், அவற்றில் சாக்பீஸால் எழுதிய பெயர்கள், நின்றபடி குடிக்கும் கூட்டம். அழிந்துவிடும் என்று நினைத்த இக்கடைகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மீண்டும் உயிர் பெற்றிருக்கின்றன. 1925-இல் தொடங்கிய எல் பசாஹேயில் ஃபிளமெங்கோ பாட்டும் ஆட்டமும் நடக்கும். 1934-இலிருந்து இருக்கும் சான் பாப்லோவில் உள்ளூர்க் கூட்டம். இரண்டிலும் சமையலறை சிறியது. சீஸ், பதப்படுத்திய இறைச்சி, உப்பு மீன் போன்ற ஆறிய தட்டுகளுக்கே அங்கே முதலிடம். சூடான உணவு வேண்டுமென்றால் மதியமே போக வேண்டும்.

கடை எப்படிப்பட்டது என்று ஃபினோவை ஊற்றும் விதத்திலேயே தெரிந்துவிடும். முதலில் புட்டி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குளிர்பெட்டியிலிருந்தோ ஐஸ் வாளியிலிருந்தோ வந்தால் நல்லது. அலமாரியில் மதுப்புட்டிகளோடு அரைப் புட்டி ஃபினோ நின்றுகொண்டிருந்தால் அதைக் கேட்காதீர்கள். திறந்த ஃபினோ குளிர்பெட்டியில் இருந்தாலும் ஒரு வாரத்துக்குத்தான் நன்றாக இருக்கும். பாதுகாத்த ஏடு இப்போது இல்லை, காற்று நேராக வேலை செய்கிறது. கெட்டுப்போன ஃபினோ ஆபத்தானதல்ல, ஆனால் சோர்ந்திருக்கும். வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பேறும்போது வரும் வாசனையும் தட்டையான கசப்பும் இருக்கும், நாக்கு நுனியில் ஏற வேண்டிய சுருக்கு காணாமல் போயிருக்கும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. 'என் ராமா' (en rama) என்று எழுதிய புட்டிகள் மிகக் குறைவாக வடிகட்டியவை. அவை புதிதாக இருக்கும்போதே பொன்னிறமாக இருக்கும்.

அடுத்து கோப்பை. கதவீனோ என்னும் குறுகிய ஷெர்ரிக் கோப்பை அழகானது. அதை விளிம்புவரை நிரப்பித் தந்தால் வாசனை பிடிக்க இடமிருக்காது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், வெள்ளை ஒயின் கோப்பையில் தரும் கடை விஷயம் தெரிந்த கடை. ஃபினோவும் மன்சனியாவும் 7 முதல் 9 டிகிரிக்குள் வர வேண்டும். அமொந்தியாதோ, பாலோ கொர்தாதோ, ஒலொரோசோ மூன்றும் 12 முதல் 14 டிகிரி. அவற்றையும் ஃபினோ அளவுக்குக் குளிர வைத்துவிட்டால் வாசனை அடைத்துப்போகும். கோப்பையை உள்ளங்கையில் சில நிமிடம் பிடித்திருந்தால் திறந்துகொள்ளும். ஆனால் சூடான ஃபினோவுக்கு மருந்தில்லை. ஐஸ் போட்டால் நீர்த்துவிடும். தயங்காமல் குளிர்ந்ததாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேட்கும் சொற்கள் எளியவை. "ஊனா கோபா தெ ஃபினோ" என்றால் ஒரு கோப்பை. இரண்டு மூன்று பேர் இருந்தால் "மேதியா போத்தேயா", 375 மில்லி அரைப் புட்டி. சான்லூகரில் இதுதான் வழக்கம், ஐஸோடு வரும். அரைப் புட்டி நல்ல தேர்வு, ஏனென்றால் அது உங்கள் முன்னால்தான் திறக்கப்படுகிறது. காதிஸ் மாகாணம் அடங்கிய ஆண்டலூசியா பகுதிக்கு வெளியே மன்சனியா கேட்கும்போது "கோபா தெ" சேர்த்துக் கேளுங்கள். வெறுமனே கேட்டால் கெமோமில் தேநீர் வந்துவிடும்.

தட்டின் அளவுக்கு மூன்று பெயர்: தாப்பா ஒருவருக்கு இரண்டு மூன்று வாய், மேதியா ரசியோன் அரைத்தட்டு, ரசியோன் முழுத்தட்டு. கிரனாதாவில் மதுவோடு தாப்பா இலவசமாக வரும். செவியாவிலும் காதிஸிலும் ஆலிவோ பொரிப்போ தவிர மற்றதெல்லாம் காசுக்குத்தான். பல கடைகளில் தாப்பா அளவு கவுன்ட்டரில் நின்றால் மட்டுமே கிடைக்கும். மேசையில் உட்கார்ந்தால் அரைத்தட்டிலிருந்துதான் தொடங்கும். மதியம் ஒன்றரையிலிருந்து நான்குவரை, இரவு எட்டரைக்கு மேல். இடையில் சமையலறை மூடியிருக்கும். ஆறு மணிக்குப் பசியோடு போகிறவருக்குக் கிடைப்பது சீஸும் உருளை வறுவலும்தான்.

முதல் கோப்பை: உப்பும் பொரியலும்

"நீந்துவதற்கு ஃபினோ, பறப்பதற்கு அமொந்தியாதோ, ஓடுவதற்கு ஒலொரோசோ" என்று ஹெரெஸில் சொல்வார்கள். மீனுக்கு ஒன்று, கோழி வாத்துக்கு ஒன்று, ஆடு மாடு பன்றிக்கு ஒன்று. நினைவில் வைக்கச் சுலபம், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இதற்கு நல்ல விதிவிலக்கு ஹமோன். உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைதான் என்றாலும் ஃபினோவோடு அதைச் சேர்ப்பது போல வேறெதையும் சேர்க்க முடியாது. கொழுப்பை ஃபினோ வெட்டி எடுக்கும், உப்பு ஒயினின் பாதாம் ருசியை மேலே கொண்டுவரும். ஐபீரிகோ என்னும் ஸ்பானியப் பன்றி இனத்து ஹமோனின் கணுக்காலில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் முத்திரையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் நூறு சதவீத ஐபீரிகோ இனம், ஓக் கொட்டை தின்று வளர்ந்தது. சிவப்பு என்றால் கொட்டை தின்ற கலப்பினம். பச்சை திறந்தவெளியில் மேய்ந்தும் தீவனம் தின்றும் வளர்ந்தது, வெள்ளை தொழுவத்தில் தீவனத்தில் வளர்ந்தது. நறுக்கிய துண்டு காகிதம்போல் மெல்லியதாய், கொழுப்பு கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும். கொழுப்பு வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறது. பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள்.

மொஹாமாவும் முதல் கோப்பைக்கானது. சூரை மீனின் முதுகுச்சதையை உப்பில் புதைத்து, கழுவி, காற்றில் உலர்த்துவார்கள். பர்பாதே பக்கத்தில் இது பரம்பரைத் தொழில். அதே கடற்கரையில்தான் அல்மத்ரபா என்னும் வலைக்கூட்டு முறையில் வசந்தகாலத்தில் நீலத்துடுப்புச் சூரை பிடிக்கிறார்கள். நம் மாசிக் கருவாடுபோல் மொஹாமா கல்லாக இருக்காது. கரும்சிவப்பில், கத்திக்கு வளைந்து கொடுக்கும். மிக மெல்லிய சீவல், மேலே ஆலிவ் எண்ணெய், பக்கத்தில் வறுத்த பாதாம். தடிமனாக வெட்டினால் உப்புத்தான் தெரியும்.

காதிஸ் நகரின் லா வீன்யா பேட்டையிலுள்ள காசா மந்தேகாவில் சிச்சர்ரோன் வாங்கினால் மெழுகுத் தாளில் வைத்துத் தருவார்கள். மசாலாவோடு வெந்து ஆறிய பன்றி வயிற்றுக்கறி, சவ்வுபோல் சீவியது, மேலே உப்பும் எலுமிச்சையும். மன்சனியாவுக்கு இதைவிடச் சுருக்கமான துணை இல்லை.

பொரியலில் தோர்த்தியீத்தா தெ கமரோனேஸைச் சாப்பிடாமல் திரும்பக்கூடாது. சான்லூகரின் பிளாசா தெல் கபில்தோ சதுக்கத்திலுள்ள காசா பல்பீனோ இதற்குப் பேர்போனது. கூனி இறாலை ஓட்டோடு முழுதாக மாவில் கலந்து, வலைப்பின்னல்போல் மெல்லியதாய்ப் பொரித்தது. வீட்டில் செய்ய அளவு இது: கொண்டைக்கடலை மாவு 100 கிராம், மைதா 100 கிராம், ஐஸ் தண்ணீர் 350 முதல் 400 மில்லி, கூனி இறால் 150 கிராம், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் ஒன்று, பார்ஸ்லி ஒரு பிடி, உப்பு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இறாலிலேயே உப்பிருப்பதால் முதலில் ஒன்றைப் பொரித்து ருசி பார்த்துவிட்டு உப்பைக் கூட்டுங்கள். மாவை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். வாணலியில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு எண்ணெய், 185-190 டிகிரி. ஒரு கரண்டி மாவை விட்டதும் கரண்டியின் முதுகால் எண்ணெய்க்குள்ளேயே இழுத்துப் பரப்ப வேண்டும். ஓரங்களில் ஓட்டைகள் விழுந்தால் சரியாக வருகிறது என்று அர்த்தம். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம்.

கெடுவது எங்கே என்றால், பெரும்பாலும் மாவின் பதத்தில். அது கரண்டியிலிருந்து தண்ணீராக ஒழுக வேண்டும். கெட்டியாக இருந்தால் நடுவில் வேகாத மாவு நிற்கும். எண்ணெய் ஆறியிருந்தால் எண்ணெயைக் குடித்துத் துவளும். ஒவ்வொன்றுக்கும் இடையில் எண்ணெய் மறுபடி காயக் காத்திருக்க வேண்டும். மாவு அடியில் தங்கிக்கொண்டே போவதால் ஒவ்வொரு முறையும் கலக்க வேண்டும். கடைசிப் பாதிக்கு இரண்டு கரண்டி ஐஸ் தண்ணீர் சேர்க்க வேண்டியிருக்கும். கூனி கிடைக்கவில்லை என்று பெரிய இறாலை நறுக்கிப் போட்டால் நீர்விட்டு மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். கடையில் வாங்கும்போது தடித்து, நடுவில் மஞ்சளாக வந்தால் அது உறைந்த சரக்கு, ஆறிய எண்ணெய்.

கசோன் என் அதோபோ என்பது மசாலாவில் ஊறவைத்துப் பொரித்த சுறாமீன் துண்டுகள். பூண்டு, சீரகம், ஓரிகானோ, மிளகாய்த்தூளுக்குப் பதில் காரமில்லாத பிமெந்தோன், ஷெர்ரி வினிகர், உப்பு. அரைக்கிலோ மீனுக்கு பூண்டு 4 பல், சீரகம் ஒரு தேக்கரண்டி, ஓரிகானோ ஒரு மேசைக்கரண்டி, பிமெந்தோன் ஒரு தேக்கரண்டி, வினிகரும் தண்ணீரும் தலா 100 மில்லி. ஆறு மணி நேரம் ஊறினால் போதும். வெளியே எடுத்து நன்றாக வடித்து, துணியில் ஒற்றி, மாவில் புரட்டி, சல்லடையில் தட்டி உதறி, 180 டிகிரியில் பொரிக்க வேண்டும். ஈரத்தோடு மாவு தொட்டால் பசையாகும். மைதாவோடு கொஞ்சம் ரவை சேர்த்தால் அங்கே விற்கும் கரகரப்பான பொரிமாவுக்கு அருகில் வரும். சுறா பழையதாக இருந்தால் அதன் சதையிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். எந்த வினிகரும் அதை மறைக்காது. வினிகர் ஊறிய இந்தப் பொரியலுக்கு வேறு ஒயின் தேடி அலைய வேண்டாம், ஃபினோ போதும்.

நெத்தலியைப் பச்சையாக வினிகரில் ஊறவைத்த பொக்கெரோனேஸ் என் வினாக்ரேவுக்கும் அதே. வீட்டில் செய்கிறவர்கள் மீனில் இருக்கக்கூடிய அனிசாகிஸ் என்னும் ஒட்டுண்ணிப் புழுவை மறக்கக்கூடாது. வினிகர் அதைக் கொல்லாது. வீட்டு உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் 5 நாள் வைத்த பிறகே தொட வேண்டும். கடைகளுக்கு உறையவைப்பது சட்டப்படி கட்டாயம்.

சான்லூகரின் பாஹோ தெ குயா, தோன்யானா காட்டைப் பார்த்தபடி இருக்கும் ஆற்றங்கரை. அங்கே லங்கொஸ்தீனோ இறாலை வேகவைத்து உப்பு ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துத் தருவார்கள், வேறொன்றும் சேர்ப்பதில்லை. எடைக்கு விலை, வாங்கும் முன்பே விலையைக் கேட்டுக்கொள்வது அங்கே இயல்பு, யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

பழுப்பேறிய கோப்பைகள்

அமொந்தியாதோவுக்குப் போகும் நேரம் என்று நாக்கே சொல்லும்: பொரியல் போதும், காளானோ ஆர்ட்டிசோக்கோ சாப்பிடலாம் என்று தோன்றும்போது. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டு வாட்டிய காளான், கொஞ்சம் பழைய ஆட்டுப்பால் சீஸ் (கிரசலேமா மலையின் பயோயோ ஆட்டுச் சீஸ் கிடைத்தால் அதையே), தெளிந்த கோழிச்சாறு. ஹெரெஸின் பெர்சா மதியச் சாப்பாடு. கொண்டைக்கடலை, கீரைத்தண்டு, பன்றிக்கறி, தொத்திறைச்சி எல்லாம் ஒரே பானையில். சீரகமும் கொழுப்பும் சேர்ந்த அந்தக் குழம்புக்கு ஃபினோ மெலிந்துபோகும். அமொந்தியாதோ பொருந்தும்.

ஒலொரோசோவுக்கு நீண்ட நேரம் வெந்த இறைச்சி. பன்றியின் கன்னச்சதையை ஒலொரோசோவிலேயே இரண்டு மூன்று மணி நேரம் வேகவைக்கும் கர்ரியாதா, காளைவால் குழம்பு, ஷெர்ரியில் வதக்கிய சிறுநீரகம். சிறுநீரகத்தைக் கேட்கும் முன் கடை நம்பிக்கையானதா என்று பாருங்கள். சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் ஒரே வாயில் தெரிந்துவிடும். ஒலொரோசோவில் 17 முதல் 22 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். ஃபினோவே சாதாரண ஒயினைவிட வலுவானது. தட்டுகள் சின்னவை, கோப்பைகள் இலேசாக இறங்குபவை, இரண்டும் சேர்ந்து ஏமாற்றும். ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டுக் குடியுங்கள்.

பெத்ரோ ஹிமெனெஸ் கறுப்பாகப் பாகுபோல் வரும். 50 மில்லி இருவருக்குப் போதும். வெனிலா ஐஸ்கிரீமின் மேல் ஊற்றலாம், நீலச் சீஸோடு சேர்க்கலாம். இதைக் குடித்தபின் ஃபினோவுக்குத் திரும்ப முடியாது; அன்றைக்கு அதுவே கடைசி.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆண்டலூசியா கஷ்டமான இடமல்ல, ஆனால் கவனம் வேண்டும். காய்கறித் தட்டிலும் ஹமோன் தூவி வரும், உருளைக்கிழங்கிலும் சூரை இருக்கும். "சின் ஹமோன், சின் அதூன்" (ஹமோன் இல்லாமல், சூரை இல்லாமல்) என்று முதலிலேயே சொல்லுங்கள். செவியாவின் கீரைக் கொண்டைக்கடலை நல்ல தேர்வு. வறுத்த ரொட்டி, பூண்டு, சீரகம் அரைத்துச் சேர்த்து, கடைசியில் ஷெர்ரி வினிகர் விட்டது. 1670-இலிருந்து இருப்பதாகச் சொல்லும் எல் ரின்கொன்சீயோவில் இதைத்தான் கேட்பார்கள். அங்கே கணக்கை மரக் கவுன்ட்டரிலேயே சாக்பீஸால் எழுதுகிறார்கள். இறைச்சிச் சாறு சேர்த்ததா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பாபாஸ் அலின்யாஸ் இன்னொன்று. தோலோடு வேகவைத்த உருளையைச் சூடாக இருக்கும்போதே உரித்து, ஷெர்ரி வினிகர் ஒரு பங்கு, ஆலிவ் எண்ணெய் மூன்று பங்கு, வெங்காயத்தாள், பார்ஸ்லி, உப்பு. ஆறியபின் ஊற்றினால் எண்ணெய் மேலேயே நிற்கும். சூட்டில்தான் உள்ளே இறங்கும். சான்லூகரில் பர்பியானா என்ற கடை இதற்கே பெயர் பெற்றது, சூரை இல்லாமல் கேட்க வேண்டும். கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய்ப் பொரியலும் பல இடங்களில் கிடைக்கும்.

தலைநகர் மத்ரித்தில் இருப்பவர்கள் எச்செகராய் தெருவிலுள்ள லா வெனென்சியாவுக்குப் போகலாம். ஷெர்ரி மட்டுமே விற்கும் கடை. புகைப்படம் எடுக்கக்கூடாது, டிப்ஸ் வாங்கமாட்டார்கள், பீர் கேட்டால் கிடைக்காது. மொஹாமா, ஆலிவ், சீஸ். வரிசையைக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான கடை கிடைப்பது அரிது. ஃபினோவிலிருந்து ஒலொரோசோவரை எல்லாம் ஒரே கவுன்ட்டரில் இருக்கும், கவனத்தைச் சிதறடிக்க வேறெதுவும் இல்லை.

புட்டி வாங்கிக்கொண்டு போவதென்றால் ஃபினோவிலும் மன்சனியாவிலும் அரைப் புட்டியே வாங்குங்கள். பின்புற லேபிளிலோ கண்ணாடியிலோ அச்சிட்ட தொகுதி எண்ணைப் பாருங்கள். பல நிறுவனங்கள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தையும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் அதில் சேர்த்து எழுதுகின்றன. அடைத்து ஓராண்டுக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் அலமாரியில் வெளிச்சத்தில் நின்றிருந்தால் விட்டுவிடலாம். திறந்தால் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வைத்து ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். அமொந்தியாதோ இரண்டு மூன்று வாரம் தாங்கும், ஒலொரோசோ ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும், பெத்ரோ ஹிமெனெஸ் பல மாதம். மீந்த ஃபினோ சோர்ந்துபோனால் கொட்ட வேண்டாம். பூண்டு வதக்கி, மட்டி போட்டு, அரைக் கோப்பை விட்டு மூடி வையுங்கள். ஓடு திறந்ததும் இறக்கிவிட வேண்டும்.